எம்சிசாஃப்ட் இலவச டிக்ரிப்டர்: கல்யாண ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்ததில்

ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் சொல்கிற, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்த கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பணம் கட்டாமல் ஃபைல்களை மீட்க வழி தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட, அந்தப் பூட்டைத் திறக்கும் இலவச டிக்ரிப்டரை என் மச்சானுடைய ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஓட்டினோம். நல்ல கருவிதான், பொய் சொல்லாத கருவி. ஆனால் அங்கே இருந்த கல்யாண வீடியோக்களில் பெரும்பகுதியைக் காப்பாற்றியது வேறொரு சின்ன புரோகிராம், அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த விமர்சனம் யாருக்காவது பயன்படும்.

வந்திருப்பது இந்த வைரஸ்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் நாலெழுத்து வால் ஒட்டியிருக்கும், ஃபோல்டருக்கு ஃபோல்டர் ரீட்மி என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடக்கும், அதில் 980 டாலர் கேட்டிருப்பான், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலராம். ஆடித் தள்ளுபடி! பெரும்பாலும் கிராக் சாஃப்ட்வேர், கீஜென் (போலி லைசென்ஸ் எண் உருவாக்கும் புரோகிராம்) வழியாகத்தான் வருகிறது, இங்கேயும் அப்படித்தான், எடிட்டிங் பையன் ஏதோ ஒரு பிளகினை ஓசியில் இறக்கியிருக்கிறான். இதில் இருக்கும் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால் ஃபைல்களைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே திரையில் விண்டோஸ் அப்டேட் ஓடுவது போல ஒரு போலி ஜன்னலைக் காட்டும். "அப்டேட் ஓடுதுண்ணே, ஆஃப் பண்ணிடாதீங்க" என்று அந்த எடிட்டிங் பையன் காவல் காத்திருக்கிறான் பாவம்.

சந்தேகம் இருந்தால் ஐடி ரான்சம்வேர் என்ற தளத்தில் அந்த ரீட்மி ஃபைலையும் பூட்டப்பட்ட ஒரு ஃபைலையும் ஏற்றினால் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும். அதை நடத்தும் மைக்கேல் கில்லெஸ்பிதான் எம்சிசாஃப்டோடு சேர்ந்து இந்த டிக்ரிப்டரையும் உருவாக்கியவர்.

டிக்ரிப்டரைத் தொடுவதற்கு முன் வைரஸை வெளியேற்ற வேண்டும், இதைப் பலரும் தவற விடுகிறார்கள். குறித்த நேரத்தில் புரோகிராம்களை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் டைம் ட்ரிகர் டாஸ்க் என்ற பெயரில் ஒன்றை அது போட்டு வைத்திருக்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எழுந்து புதிதாக வந்த ஃபைல்களையும் பூட்டும், அப்புறம் நீங்கள் மீட்டது எல்லாம் வீண். எந்தத் தளத்துக்கு எங்கே போக வேண்டும் என்று விண்டோஸ் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் மாற்றி ஆன்டிவைரஸ் தளங்களைத் திறக்க விடாமல் செய்திருக்கும். கூடவே பாஸ்வேர்டு திருடும் அசோரல்ட்டையும் பல வகைகள் இழுத்து வரும், ஆகவே மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றிவிடுங்கள். அது முடிந்த பிறகு டிஸ்க்கை அப்படியே ஒரு நகல் எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

ஓட்டுவது சுலபம். டிரைவையோ ஃபோல்டரையோ காட்டி டிக்ரிப்ட் என்று அழுத்த வேண்டியதுதான், சாவி அவர்களுடைய சர்வரிலிருந்து வருவதால் நெட் வேண்டும். ஆனால் கிடைக்குமா கிடைக்காதா என்பதை ஓட்டுவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். சி டிரைவில் சிஸ்டம் ஐடி என்ற ஃபோல்டரில் பர்சனல் ஐடி என்ற டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், அதைத் திறந்து அங்கே இருக்கும் நீள எழுத்து வரிசை டி1 (t1) என்று முடிகிறதா பாருங்கள். முடிந்தால் ஆஃப்லைன் சாவி, அதாவது வைரஸ் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் கையில் வைத்திருந்த பொதுச் சாவியால் பூட்டியிருக்கிறது. அந்தச் சாவி அந்த வகையால் அப்படிப் பூட்டப்பட்ட எல்லாருக்கும் ஒன்றுதான், யாராவது ஒருவருக்குக் கிடைத்து எம்சிசாஃப்டுக்கு வந்து சேர்ந்துவிட்டால் மற்றவர்களுக்கும் திறக்கும். வேறு மாதிரி முடிந்தால் ஆன்லைன் சாவி, உங்களுக்கென்று தனியாகச் செய்தது, 2019 ஆகஸ்டுக்குப் பிந்தைய வகைகளில் அதைத் திறக்க இந்தக் கருவியால் முடியாது.

எங்கள் ஃபைலில் இரண்டு வரிசைகள் இருந்தன! நடுவில் நெட் விட்டு விட்டு வந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு டிரைவில் ஒரு பகுதி மட்டும் முழுதாகத் திறந்தது, பெயர், தேதி, ஃபோல்டர் எல்லாம் பழையபடி. மீதி ஃபைல்களுக்கு இது ஆன்லைன் ஐடி, டிக்ரிப்ட் செய்வது சாத்தியமில்லை என்று வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போனது. சொல்லப்போனால் எனக்கு இந்தக் கருவியில் பிடித்ததே இதுதான். முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. இதே டிஸ்க்கை ஒரு டேட்டா ரிகவரி கடையில் காட்டியபோது, ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் "தொண்ணூறு பர்சன்ட் எடுத்துடலாம் சார்" என்றார்கள், எப்படி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இப்படிச் சொல்லும் இடங்களில் சில, திருடனுக்கே பணம் கட்டிச் சாவி வாங்கி மேலே தங்கள் கூலியை வைத்து விற்கின்றன என்று அமெரிக்காவில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் 2019ல் விரிவாக எழுதியது.

குறைகளும் உண்டு. பூட்டிய ஃபைலை அழிக்காமல் பக்கத்திலேயே திறந்த நகலை வைக்கும், பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் இரண்டு மடங்கு இடம் வேண்டும், ஸ்டூடியோ டிஸ்க்கில் அது எங்கே இருக்கும்? இன்னொரு ஏமாற்றம், வயது. வெளியான அன்று இந்த வைரஸில் இருந்த 160 வகைகளில் 148க்கு வழி சொன்ன கருவி இது, அவை எல்லாம் 2019 ஆகஸ்ட் வரை வந்த பழைய வகைகள். அதற்குப் பிறகு வைரஸ் எழுதியவர்கள் பூட்டும் முறையைச் சரிசெய்துவிட்டார்கள், இப்போது ஆஃப்லைன் சாவி வாய்த்தால்தான் உண்டு.

இனி அந்த இன்னொரு புரோகிராம். இந்த வைரஸ் அவசரக்காரன், வேகமாக முடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும்தான் பூட்டுகிறது. 4 ஜிபி வீடியோவில் 150 கேபி என்பது முதல் அரை நொடி கூட இருக்காது, ஆனால் தலைப்பகுதி போனதால் எந்த பிளேயரிலும் ஓடாது. டிஸ்க்டூனாவின் மீடியா ரிப்பேர் என்ற இலவச புரோகிராம் இந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் காட்ட வேண்டும், அதிலிருந்து தலையை எடுத்துப் பூட்டப்பட்ட ஃபைலுக்கு ஒட்டவைக்கும். சாவியே தேவையில்லை, ஆன்லைன் ஐடியாக இருந்தாலும் கவலையில்லை. கேமராவிலிருந்து நேரே வந்த எம்பி4, மூவ் ஃபைல்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன, தாலி கட்டும் காட்சி ஓட ஆரம்பித்தபோது மச்சான் எழுந்தே நின்றுவிட்டார். தொடக்கத்தில் ஒரு கணம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும், எடிட்டில் வெட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. யூடியூபுக்கு என்று எக்ஸ்போர்ட் செய்த சில ஃபைல்கள் மட்டும் மசியவில்லை, அவற்றில் ஃபிரேம்கள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணை ஃபைலின் முன்னாலேயே இருந்ததால் அதுவும் சேர்ந்து போய்விட்டது. கேமராக்கள் பெரும்பாலும் அதைக் கடைசியில் எழுதுவதால் மூலக் காட்சிகள் பிழைத்தன.

ஃபோட்டோக்கள் அப்படி இல்லை. பெரிய ஜேபெக் என்றால் மேலே ஒரு பட்டை போய், நிறம் மாறி மீதி வரும், அதற்கு ஜேபெக் ரிப்பேர் என்று டிஸ்க்டூனாவுடைய வேறொரு புரோகிராம், அது காசு. 150 கேபிக்குக் குறைந்த சின்ன ஃபைல்கள் முழுதாகப் பூட்டப்பட்டுவிடுகின்றன, எக்செல் பில்கள், ஆல்பம் ஆர்டர் பட்டியல் எல்லாம் அப்படியே போயின. ஜிப் ஃபைல் வைத்திருந்தால் வாலை நீக்கிவிட்டு 7-ஜிப்பில் திறந்து பாருங்கள், முதல் ஒன்றிரண்டு போக மற்றவை பெரும்பாலும் வெளியே வரும்.

அழிந்த ஃபைல்களைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் பற்றிப் பலரும் சொல்வார்கள், அதுவும் இலவசம், ஆனால் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் ஓட்டி எங்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடும் டிரிம் ஓடும் எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கையே வேண்டாம். அதைவிட கேமரா மெமரி கார்டுகளில் ஓட்டுங்கள். ஃபார்மேட் செய்த கார்டானாலும் மேலே புதிதாக எழுதாத வரை படங்கள் உள்ளேயே இருக்கும், ஃபைல் பெயர் மட்டும் போய் எஃப் என்ற எழுத்தும் எண்களுமாக வரும், பிரித்து அடுக்குவதற்குப் பொறுமை வேண்டும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள்.

திறக்காத ஃபைல்களைத் தனி ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்திருக்கிறோம். ஆஃப்லைன் ஐடிக்காரர்கள் கண்டிப்பாக அழிக்காமல் வையுங்கள், சாவி பின்னால் வந்து சேரலாம். டிக்ரிப்டரை எம்சிசாஃப்ட் தளத்திலோ, டச்சு போலீஸும் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் சேர்ந்து 2016ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தின் வழியாகவோ மட்டும் இறக்குங்கள். 2020 ஜூனில் இதே வைரஸுக்கான டிக்ரிப்டர் என்று சொல்லி ஒன்று சுற்றியது, நம்பி ஓட்டியவர்களின் ஃபைல்களை மறுபடியும் பூட்டியது, அதன் பெயர் சோரப்.