ஃபைபர் படகில் பழைய பெயிண்ட் எடுக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பழைய பெயிண்டை அடியோடு எடுத்துப் புதுப் படகாக்கித் தருகிறேன் என்று கரைக்கே வந்து முன்பணம் வாங்கும் ஓர் ஆள், எங்கள் படகை நாசமாக்கிவிட்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது யாருக்கும் மறந்திருக்காது. கறை ஊறிய பெயிண்டின் மேல் எதைப் பூசினாலும் உரிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பட்டறைக்காரர்கள் விசைப்படகு வேலையில் மூழ்கிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் இவர் வந்தார்.

ஃபைபர் படகின் வெளித்தோல் ஜெல் கோட். கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். தண்ணீர் உள்ளே இறங்காமல் காப்பது அதுதான். முனை மழுக்கிய சுரண்டியாலும், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளாலும் பொறுமையாக எடுக்க வேண்டிய வேலை இது. இவருடைய ஆட்களோ இரும்பு தேய்க்கும் கிரைண்டரை வைத்து இழுத்திருக்கிறார்கள். அது எட்டாத இடங்களில், இரும்புக்குப் போடும் பெயிண்ட் ரிமூவரை ஊற்றி ஊறவிட்டிருக்கிறார்கள். அது பெயிண்டோடு நிற்காது, ஜெல் கோட்டையும், அதன் உள்ளே கண்ணாடி நாரைப் பிடித்து வைத்திருக்கும் ரெசினையும் சேர்த்தே இளக்கிவிடும். பள்ளங்களில் சுவருக்கு வைக்கும் பட்டியை அப்பி, நாங்கள் பார்ப்பதற்குள் பெயிண்டும் அடித்துவிட்டார். மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

வேலை செய்த பையன்களுக்கு முகமூடிகூடத் தரவில்லை. பாசி பிடிக்காமலிருக்க நாங்கள் அடியில் அடித்திருந்த பெயிண்டில் தாமிரம் உண்டு. அந்தத் தூளையும் கண்ணாடித் தூளையும் நாளெல்லாம் சுவாசித்தார்கள் பாவம். என்ன மனிதர் இவர்!

படகின் முன்பக்கமான அணியத்தின் கீழே முதலில் பட்டி உதிர்ந்தது. உள்ளே பிறை பிறையாகக் கிரைண்டர் வெட்டு. கண்ணாடி நார் தேங்காய் நார் போலச் சிலும்பி நின்றது, தொட்டால் கையில் ஏறியது. பக்கவாட்டில் கொப்புளங்கள் வேறு. ஒன்றை ஆணியால் குத்தியதும் புளித்த காடி வாடையோடு தண்ணீர் கசிந்தது. நார்வரை தண்ணீர் இறங்கிவிட்டது. இனி படகைக் கரையேற்றி நன்றாகக் காயவைத்து, கெட்ட இடத்தை வெட்டியெடுத்து, கண்ணாடி நார் விரிப்பும் ரெசினும் புதிதாக வைக்க வேண்டும். அதற்குக் கேட்கும் தொகை, பெயிண்ட் வேலைக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு. அவரிடம் கேட்டால், "படகே பழசுங்க" என்கிறார்.

இப்போதும் அவர் இந்தப் பக்கம் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். யாரிடம் கொடுத்தாலும், முதலில் ஒரு சாண் இடத்தில் மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிரைமர் அடிக்கும் முன் கட்டாயம் நேரில் போய்ப் பாருங்கள். ஒரே நிறமாக, சீராகத் தெரிந்தால் ஜெல் கோட் பிழைத்திருக்கிறது. நார் கண்ணுக்குத் தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள், மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.