கூடுதல் பொறுப்பா, தனிப் பதவியா? வளாகத்தில் சமவாய்ப்புப் பணியை யார் முன்நடத்துவது

'சமவாய்ப்புப் பிரிவுக்குப் பொறுப்பாசிரியர் ஒருவரை நியமித்து ஒரு வாரத்துக்குள் விவரம் அனுப்பவும்' என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால், எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் அதன் பிறகு நடப்பதை எவரும் ஊகித்துவிடலாம். அந்த நேரத்தில் வேறு வேலையாக முதல்வர் மேசைக்கு எதிரே வந்து நிற்கும் ஆசிரியரின் பெயர் எழுதப்படும். கடலூரில் நான் பணியாற்றிய கல்லூரியில் என் பெயரும் அப்படித்தான் எழுதப்பட்டது. விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கப் போன நான், நான்கு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தேன். எனக்குக் கொடுக்கப்பட்டவை ஒரு ரப்பர் முத்திரை, நாட்டு நலப்பணித் திட்டத்தின் மண்வெட்டிகளும் பேனர்களும் கிடந்த அறையில் ஒரு மேசை, மாடிப்படி ஓரத்தில் சாவி தொலைந்துபோன ஒரு புகார்ப் பெட்டி ஆகியவை மட்டுமே.

பன்மைத்துவம், உள்ளடக்கம் என்று இப்போது வழங்கும் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் வேலை புதிதன்று. சாதி, பாலினம், உடற்குறை, மொழி, வறுமை ஆகியவற்றால் பின்தள்ளப்பட்ட மாணவர் உள்ளே வரவும், வந்தவர் படித்து முடிக்கவும் வழிசெய்வதே அது. உள்ளே வருவதற்கான கதவைத் தமிழ்நாட்டில் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீடும், காலாப்பட்டில் இருக்கும் புதுவை மத்தியப் பல்கலைக்கழகத்தில் மத்திய அரசின் ஒதுக்கீடும் திறந்து வைத்திருக்கின்றன. வந்தவரை யார் கவனிப்பது என்பதில்தான் போட்டி வழிகள் இருக்கின்றன. சட்டம் கேட்கும் குழுக்களைக் கொண்டே ஓட்டுவது ஒன்று, முழுநேரத் தலைமை அலுவலர் ஒருவரை நியமிப்பது மற்றொன்று, ஒவ்வொரு துறையிடமும் பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது மூன்றாவது.

முதலாவதே நம்மிடம் இருப்பது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிரிவு, சமவாய்ப்புப் பிரிவு, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கேட்கும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர், பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படியான உள்ளகப் புகார்க் குழு, ராகிங் தடுப்புக் குழு என்று நீளும் பட்டியலை எந்தக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் பார்க்கலாம். உற்றுப் பார்த்தால் அதே ஏழெட்டுப் பெயர்கள் எல்லாக் குழுக்களிலும் சுழன்று வருவதும் தெரியும்.

ஆனாலும் இந்தக் குழுக்களை ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. உள்ளகப் புகார்க் குழு எத்தனையோ குறைகளோடும் ஓரளவு இயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். தலைவராகப் பணிமூப்புள்ள பெண் இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் அமர வேண்டும், விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும் என்று சட்டமே வரையறுத்துவிட்டதே அதற்குக் காரணம். வெளியாள் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது 'நம் வீட்டு விஷயம், உள்ளேயே பேசிக்கொள்வோம்' என்ற வார்த்தை அவ்வளவு எளிதில் வாயில் வருவதில்லை. சாதிப் பாகுபாட்டுப் புகாரோ அதே முதல்வரின் கீழ் பணியாற்றி, அதே துறைத் தலைவரிடம் கால அட்டவணை கேட்டு நிற்கும் உள்ளாசிரியரிடம்தான் பெரும்பாலும் வந்து சேர்கிறது. என் நான்கு ஆண்டுகளில் அந்தப் பெட்டிக்குள் எழுத்துப் புகார் ஒன்றுகூட விழவில்லை. ஆண்டறிக்கையில் 'புகார்கள்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டபோது, கல்லூரியில் குறையே இல்லை என்று நான் நம்பினேன் என்று சொன்னால் அது பொய்யாகும்.

புகார் வராவிட்டாலும் ஆட்கள் வந்தார்கள், அதுவும் விடுதி, உதவித்தொகை, சான்றிதழ் என்று வேறு வாசல் வழியாக வந்தார்கள். சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கத்திலிருந்து வந்த இருளர் மாணவி ஒருவரிடம் பழங்குடியினர் சான்று இல்லை. அவர் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. பட்டியல் சாதிச் சான்றை வட்டாட்சியரே வழங்கிவிடுவார், பழங்குடியினர் சான்றுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அந்த வேறுபாடு எங்கள் அலுவலகத்தில் சேர்க்கை இருக்கையில் இருந்தவருக்கே தெரியவில்லை. அவர் அப்பெண்ணைத் தாலுகா அலுவலகத்துக்கு மூன்று முறை அனுப்பினார். கூலி வேலைக்குப் போகும் தந்தைக்கு மூன்று நாள் சம்பளம் போயிற்று. நான்காம் முறை சிதம்பரத்துக்கு, கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு, நானும் உடன் போனேன், ஆனால் அன்று காலை எனக்கு இருந்த இரண்டு வகுப்புகளை யார் எடுப்பது என்ற கேள்விக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் விடை இல்லை. குழுக்கள் என்ற வழியின் முழு வலிமையும் முழு பலவீனமும் இதில் அடங்கிவிடுகிறது: அது கேட்டால் விசாரிக்கும், அனுப்பினால் ஆண்டறிக்கை கொடுக்கும், ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சிதம்பரத்துக்குப் பஸ் ஏற அதனிடம் ஆள் கிடையாது.

இரண்டாம் வழி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெருகி வளர்ந்தது. துணைத் தலைவர் நிலையில் ஓர் அலுவலர், தனி அலுவலகம், தனி நிதி, துணைவேந்தருக்கு நிகரானவரிடம் நேரடித் தொடர்பு என்பது அதன் அமைப்பு. கையில் கோப்பும் காசும் இருப்பவர் சொன்னால் தேர்வுப் பிரிவு கேட்கும், பொறியாளர் பிரிவும் கேட்கும். நம் ஊரில் மாற்றுத்திறனாளி மாணவருக்குச் சாய்தளம் கட்டுகிறார்கள், அதுவும் கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதற்கு ஒரு மாதம் முன்பு சிமென்ட் காயாத நிலையில் கட்டுகிறார்கள், பிறகு அந்த மாணவருக்குத் தேர்வறையை முதல் மாடியில் ஒதுக்குகிறார்கள். சாய்தளம் ஒருவர் பொறுப்பு, அறை ஒதுக்கீடு இன்னொருவர் பொறுப்பு. எழுதுவதற்குத் துணையாள் தேவைப்படுவோருக்கு ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்ற மத்திய அரசின் வழிகாட்டுதலைக் கண்காணிப்பாளராக வந்த ஆசிரியர் அறியாமல், மணி அடித்ததும் தாளைப் பிடுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். இவற்றையெல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் ஒருவர் இருந்தால், ஒரு பருவத் தேர்வுக்குள்ளேயே மாற்றம் தெரியும்.

அதே அமெரிக்க அனுபவம் இந்த வழியின் ஆபத்தையும் காட்டிவிட்டது. டெக்சாஸ் மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழகங்கள் இத்தகைய அலுவலகங்களை நடத்தக் கூடாது என்ற சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்துறையில் பெரும் பணம் செலவழித்த மிச்சிகன் பல்கலைக்கழகமே 2025 மார்ச்சில் தன் அலுவலகத்தை மூடுவதாக அறிவித்தது. எல்லாவற்றையும் ஓர் அறைக்குள் வைத்தால், அந்த ஓர் அறையைப் பூட்டினால் போதும். இந்தியாவில் ஒதுக்கீட்டுக்கு அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு இருப்பதால் அந்த அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இங்கே பயம் வேறு வகையானது. அலுவலர் பணியிடம் ஒன்று உருவானதும் மற்ற எல்லோரும் கையைக் கழுவிக்கொள்வார்கள். 'அதுக்குத்தான் ஆள் போட்டிருக்காங்களே சார்' என்ற ஒற்றை வாக்கியத்தில் நாற்பது துறைத் தலைவர்கள் விடுதலை பெற்றுவிடுவார்கள்.

மூன்றாம் வழியான துறைவாரிப் பொறுப்பு, கேட்பதற்கு எல்லாவற்றிலும் நியாயமானது. மாணவர் நாள் முழுதும் வாழ்வது துறையில். ஆய்வகத்தில் யார் யாரோடு சேர்க்கப்படுகிறார், யாருடைய ஆங்கிலத்தைக் கண்டு யார் சிரிக்கிறார், ஆய்வு வழிகாட்டி யாரைத் தன் அறைக்கு அழைத்துப் பேசுகிறார், யாரை வாசலில் நிற்க வைத்துப் பேசுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் நடக்கின்றன. பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய அத்தீனா ஸ்வான் சாசனம், பெண் ஆசிரியர்களின் நிலையைப் பற்றித் துறைகளே தங்களை ஆராய்ந்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று சான்று பெறும் ஏற்பாடு. 2011-இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அலுவலர் உயிரிமருத்துவ ஆய்வு நிதிக்கு வெள்ளிச் சான்று எதிர்பார்க்கப்படும் என்று அறிவித்தவுடன், அதுவரை அசையாத மருத்துவத் துறைகள் விண்ணப்பத்தோடு ஓடின. 2020-இல் அந்த நிபந்தனை விலக்கப்பட்டது. நிதியோடு முடிச்சுப் போட்டால் துறை அசையும் என்பதோடு, சான்றிதழ் வேலை ஆசிரியர்கள்மேல், பெரும்பாலும் பெண் ஆசிரியர்கள்மேலேயே, புதிய பாரமாக ஏறும் என்பதும் அதிலிருந்து கிடைத்த பாடம்.

இந்த வழி முழுக்க முழுக்கத் தலைவரைப் பொறுத்தது. எனக்குத் தெரிந்த ஒரு தாவரவியல் துறைத் தலைவர், ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்திலேயே முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உட்கார வைத்து, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாயிற்றா, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான அரசாணை 92-இன் கீழ் கற்பிப்புக் கட்டண விலக்கு வருமா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் குறித்துக்கொள்வார். அதே மாடியில் இரண்டு கதவு தள்ளி இருந்த துறையில், 'ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க' என்று வகுப்பு நடுவே குரல் கொடுத்துத்தான் பட்டியல் எடுப்பார்கள். வேலை ஒன்றுதான், பட்டியலும் ஒன்றுதான். எழுந்து நின்ற மாணவர்களில் ஒருவர் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவே இல்லை.

துறையால் எவ்வளவு முயன்றாலும் தீர்க்க முடியாத சிக்கல்களும் உண்டு. அவற்றில் எங்கள் எல்லைப்புறத்துக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று வழிகளையும் உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை. கடலூரிலிருந்து முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. பாகூர்ப் பக்கம் ஊர்கள் தமிழ்நாடும் புதுவையுமாகப் பின்னிக் கிடக்கின்றன, பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. ஆனால் சாதிப் பட்டியல் எல்லை பார்க்கிறது. புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகள் ஆணை 1964-இல் வந்தது, அதை ஒட்டி அங்கே பூர்வீகத்தார், குடிபெயர்ந்தவர் என்ற பிரிப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இருளர்கள் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பழங்குடியினர், புதுச்சேரியில் அவர்கள் அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2016-இல்தான். நரிக்குறவர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்ந்தது 2023-இல். ஆகவே கடலூர் மாவட்டத்துச் சான்றோடு அரியாங்குப்பத்தில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்குக் காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஒதுக்கீடு ஒரு விதமாகவும், புதுவை அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக நிரப்பப்படும் புதுவை அரசுக் கல்லூரி இடங்கள் வேறு விதமாகவும் அமைகின்றன. அந்தப் பிள்ளை தாவரவியல் துறைத் தலைவரிடம் போனால் அவர் அன்போடு கேட்பார், தீர்க்க மாட்டார். குழு, கூட்டக் குறிப்பில் பதிவு செய்யும். இரண்டு பக்கத்து விதியையும் படித்து வைத்து, இரண்டு பக்கத்து வருவாய் அலுவலகத்திலும் முகம் தெரிந்த ஒருவர்தான் அந்தப் பிள்ளையின் கோப்பை நகர்த்த முடியும்.

மாணவர்களே நடத்துவது என்று நான்காவதாக ஒரு வழியைச் சிலர் சொல்வதுண்டு. மூத்த மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் இளையவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பச் சொல்லிக் கொடுப்பது எந்த அலுவலகமும் செய்ய முடியாத வேகத்தில் நடக்கிறது, அதை ஊக்குவிக்கலாம். ஆனால் மூன்றாண்டில் வெளியேறிவிடுகிறவர்களின் தோளில் நிறுவனத்தின் கடமையை ஏற்றுவது முறையன்று என்பதால் அதை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

என் தெரிவு இரண்டாம் வழிதான், ஆனால் அமெரிக்க வடிவில் அன்று. புகார் விசாரணை அலுவலரிடம் இருக்கவே கூடாது. அது குழுவிடமே இருக்கட்டும், உள்ளகப் புகார்க் குழுவைப் போல வெளி உறுப்பினரும் நாள் கெடுவும் பாகுபாட்டுப் புகாருக்கும் வரட்டும். உதவிக்கு வருகிறவரும் விசாரிக்கிறவரும் ஒருவரே என்றால், உதவி கேட்டு வரும் மாணவர் பாதிக் கதையை விழுங்கிவிடுவார். அலுவலர் பேராசிரியராகவும் இருக்க வேண்டாம். பேராசிரியருக்குப் பாடமும் ஆய்வும் பதவி உயர்வும் முன்னே நிற்கும், கூடுதல் பொறுப்பு எப்போதும் பின்னே நடக்கும். துணைப் பதிவாளர் நிலையில், நிர்வாகப் பணியிலிருந்து, ஐந்தாண்டு காலத்துக்குக் குறையாமல், துணைவேந்தரிடம் நேரடியாகக் கோப்பு வைக்கும் உரிமையோடு ஒருவர் வேண்டும். நாற்பது துறைத் தலைவர்கள் கையைக் கழுவிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு துறையிலும் சேர்ந்தவர் எத்தனை, இடையில் நின்றவர் எத்தனை, ஏன் என்ற ஒற்றைப் பக்கக் கணக்கை அவர் கேட்டு வாங்கி ஆட்சிக்குழுவின் முன் வைக்க வேண்டும். சம்பளச் செலவு கூடும் என்று சொல்வார்கள். கூடத்தான் செய்யும்.

2021 முதல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளை இணைத்துக்கொண்டிருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றில் இந்தப் பணியிடம் பல்கலைக்கழக அளவில் இருந்தாலே போதும், சிறு கல்லூரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலுவலர் கேட்பது நடைமுறைக்கு ஆகாது. கல்லூரியில் வேண்டியது, அந்த அலுவலருக்குப் போன் போட அனுமதி பெற்ற ஓர் எழுத்தரும், அந்த எழுத்தருக்கு வேறு இருக்கை ஒதுக்கப்படாமல் இருப்பதும். அலுவலரின் நாற்காலியை நிர்வாகக் கட்டடத்தின் மாடியில் போட வேண்டாம். சேர்க்கை நடக்கும் வாரங்களிலாவது அது சான்று சரிபார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் கிடக்கட்டும், கிள்ளையிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் பெண்ணுக்கு மூன்று முறை தாலுகா அலுவலகம் போகும் வேலை அங்கேயே மிச்சமாகும்.