வார்டா, வீடா?

அம்மாவுக்குக் காலில் செல்லுலைட்டிஸ், அதாவது தோலில் கிருமித்தொற்று. வார்டில் சேர்ப்பதா, வீட்டிலேயே சிகிச்சையா? டாக்டர் கேட்டதும் பலருக்கும் குழப்பம்தான். வார்டில் தரும் சிகிச்சையை வீட்டிலேயே தரும் ‘வீட்டு உள்நோயாளிச் சிகிச்சை’ 2024 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூர் அரசு மருத்துவமனைகளில் வழக்கமான சேவை.

செலவு
வார்டு: வகுப்பையும் மானியத்தையும் பொறுத்தது.
வீடு: ஏறக்குறைய அதே அளவு, சிலருக்குக் குறைவு. மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு), மெடிஷீல்டு லைஃப் (மருத்துவக் காப்புறுதி) இரண்டும் செல்லும்.

கவனிப்பு
வார்டு: 24 மணி நேரமும் தாதி பக்கத்தில்.
வீடு: தாதி வந்து நரம்பில் மருந்து ஏற்றுவார், டாக்டர் வீடியோவில் பார்ப்பார். ஆனால் இரவில் காய்ச்சல் ஏறினால் கவனிக்க ஒருவர் வேண்டும். பணிப்பெண்ணிடம் மட்டும் அந்தப் பொறுப்பை விடாதீர்கள்.

முதியவர்கள் விஷயத்தில் நான் வீட்டுப் பக்கம். நாள்கணக்கில் வார்டில் படுத்தால் கால் வலு போய்விடும், புது இடத்தில் புத்தி தடுமாறும், வேறு கிருமியும் தொற்றலாம்.

மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் நிலையில்லை, அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வார்டுதான். உடல்நிலை சீராக இருந்து, ஊசி மருந்து மட்டும் பாக்கி என்றால் வீடு. சிகிச்சை முடிந்து, மீண்டும் நடக்கப் பழகுவதுதான் மிச்சம் என்றால் அவுட்ரம், செங்காங் போன்ற சமூக மருத்துவமனைகள் பொருந்தும். “பார்த்துக்கொள்ள ஆளில்லை” என்பது மட்டுமே காரணமா? அப்போது மருத்துவச் சமூக சேவகரிடம் முதல் நாளே பேசுங்கள்.