லிட்டர் கணக்கில் ஒரு சின்ன எஸ்யூவி: மூன்று வருடம், 36,212 கிலோமீட்டர்

பழைய காரின் கதையைச் சொல்லாமல் புதுக் காரைப் பற்றிப் பேச முடியாது. அது ஒரு சின்ன ஹேட்ச்பேக். டர்போ பெட்ரோல், இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், அதாவது இரண்டு கிளட்ச்சைத் தானே இயக்கி கியர் மாற்றும் வகை. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது. ஆபீசில் யார் மைலேஜ் பேச்சை எடுத்தாலும் என் பதினாறை நடுவில் வைக்காமல் விடமாட்டேன். ஐந்து வருட வாரண்டி முடிந்து சரியாக நாலு மாதம் கழித்து, சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறியது. மறுநாள் ஸ்கிரீனில் கியர் படம் போட்ட மஞ்சள் விளக்கு. அதற்கடுத்த வாரம் ரிவர்ஸ் விழவே இல்லை.

என் தம்பி மெக்கானிக். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, இது காய்ஞ்ச கிளட்ச். எண்ணெயில ஊறுற வகை இல்ல. நீ தினமும் அந்த நெரிசல்ல உருட்டி உருட்டிப் போறல்ல, அதுலயே தேஞ்சு சூடாகிப் போச்சு." கிளட்ச் தொகுதியும் அதை இயக்கும் யூனிட்டும் சேர்ந்து வந்த பில்லைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். பில் தொகையை அன்றைய பெட்ரோல் விலையால் வகுத்துப் பார்த்தேன். 1,400 லிட்டர்.

நான் வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். லிட்டருக்கு 16 என்றால் 750 லிட்டர். அதே காலத்தில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஒன்றை வாங்கி 14 கிடைத்திருந்தால் 857 லிட்டர். அதாவது வருடத்துக்கு 107 லிட்டர், ஐந்து வருடத்தில் 535 லிட்டர் மிச்சம் பிடித்தேன். அதை நாலு மாதம் கழித்து, கூடவே இன்னொரு 865 லிட்டரையும் சேர்த்து, ஒர்க்ஷாப்பில் கொட்டிவிட்டு வந்தேன். என் பதினாறு அன்றோடு வாய் மூடியது.

அதனால் அடுத்த வண்டி பார்க்கக் கிளம்பியபோது எல்லாவற்றையும் லிட்டரில்தான் எழுதினேன். விலை, சர்வீஸ், டயர், ரிப்பேர், எல்லாமே. பணமாக எழுதினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நிற்கும். லிட்டராக எழுதினால் ஒரே தராசில் ஏறிவிடும்.

எஸ்யூவிதான் வேண்டும் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே நியாயம் அப்பாவின் முட்டி. தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க அவருக்கு இரண்டு கை உதவி வேண்டும். மற்றபடி இந்த உயரம் இலவசம் இல்லை. இன்றைய சின்ன எஸ்யூவிகள் பெரும்பாலும் கார்தான். 1994-ல் டொயோட்டா ராவ்4 வந்தபோது காரின் பாகங்களை வைத்தே உயரமான உடம்பு ஒன்றைக் கட்டினார்கள். அந்த வழியில்தான் இன்று எல்லோரும் போகிறார்கள். பல சின்ன எஸ்யூவிகளுக்கு அதே கம்பெனியின் ஹேட்ச்பேக் ஒன்று அண்ணன் தம்பி முறை. எடை கூடும், காற்றில் மோதும் முகம் பெரிதாகும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 110-க்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என் நோட்டில் இது அப்படியே தெரிகிறது: ஹைவேயில் 80-ஐ ஒட்டிப் போன நாட்களில் 18, அவசரமாக 110-ல் போன நாட்களில் 13. ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே ஆள்.

நாலு வண்டி ஓட்டிப் பார்த்தேன். பெயர் சொல்லப்போவதில்லை. கம்பெனி பெயரைச் சொன்ன நிமிடமே பேச்சு கட்சிச் சண்டையாகிவிடும். தவிர, ஒரே பெயரில் ஊருக்கு ஒரு இன்ஜின் வைத்து விற்கிறார்கள். வகையைச் சொல்கிறேன்.

டர்போ பெட்ரோலும் இரட்டை கிளட்சும் போட்டது ஒன்று. ஓட்ட அருமை. அதன் கிளட்ச் எண்ணெயில் ஊறுவதா காய்ந்ததா என்று கேட்டேன். விற்பனைப் பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "மேடம், அது லேட்டஸ்ட் டெக்னாலஜி" என்றான். சூடு கண்ட பூனை நான். அங்கேயே முடித்துக்கொண்டேன். இது முழு நியாயம் இல்லை என்று தெரியும். எண்ணெயில் ஊறும் வகை சூட்டை நன்றாகவே தாங்கும்.

இரண்டாவது டீசல். 18 கொடுக்கும் என்று ஓட்டுகிறவர்கள் சொன்னார்கள். நம்புகிறேன். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி அதிகம், இன்ஜினும் சிக்கனமானது. ஆனால் என் ஆபீஸ் ஆறு கிலோமீட்டர். புகைக்குழாயில் இருக்கும் கரி வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அதற்கு நல்ல வேகத்தில் ஒரு நீண்ட ஓட்டம் வேண்டும். ஆறு கிலோமீட்டரில் இன்ஜின் சூடாவதற்குள் நான் பார்க்கிங்கில் இருப்பேன். வடிகட்டி அடைத்துக்கொண்டால் அது தனி பில். தினமும் ஹைவேயில் ஓடுகிறவர்களுக்குத்தான் டீசல்.

மூன்றாவது, ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்தது. உண்மையைச் சொன்னால் என் மனசு அதில்தான் இருந்தது. நெரிசலில் இன்ஜின் அணைந்து சத்தமே இல்லாமல் நகர்ந்தபோது, பழைய காரின் உதறலை நினைத்து எனக்குக் கண் கலங்காத குறை. முழு ஹைபிரிட் என்றால் சிக்கலான யந்திரம், கெட்டுப்போகும் என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். டொயோட்டாவின் முறையைத் தம்பி எனக்கு ஒரு பேப்பரில் வரைந்து காட்டினான்: கோள்கள் போல ஒரு பல்சக்கரத் தொகுதி, இரண்டு மோட்டார். தேய்கிற கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. 1997-ல் அவர்களின் ப்ரியஸ் கார் வந்ததிலிருந்து ஓடி ஓடித் தேறிய ஏற்பாடு. பிரேக் போடும்போது மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடிப்பதால் பிரேக் பேடும் மெதுவாகத்தான் தேயும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பின்னால் ஹைபிரிட் என்று ஒட்டியிருப்பதெல்லாம் இது இல்லை. சின்ன பேட்டரியும் பெல்ட்டில் ஓடும் சின்ன மோட்டாரும் வைத்த மைல்டு வகைக்கும் அதே எழுத்தைத்தான் ஒட்டுகிறார்கள். அது இன்ஜினுக்குக் கை கொடுக்கும், வண்டியைத் தனியாக இழுக்காது.

நாலாவது, டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல், டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், அதாவது கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் பழைய வகை. புதுமை என்று எதையும் சொல்ல முடியாது. ஷோரூமில் அதைக் காட்டும்போது அந்தப் பையனுக்கே கொட்டாவி வந்தது.

இப்போது கணக்கு. ஹைபிரிட் எனக்கு 20 கொடுக்கும், நாலாவது வண்டி 14 கொடுக்கும் என்று வைத்துக்கொண்டேன். என் ஓட்டத்துக்கு 600 லிட்டரும் 857 லிட்டரும். வருடத்துக்கு 257 லிட்டர் மிச்சம். விலை வித்தியாசத்தை லிட்டராக்கினால் 2,300. ஈடுகட்ட ஒன்பது வருடம். நான் ஒரு வண்டியை எட்டு வருடம் வைத்திருக்கிற ஆள். விற்கும்போது ஹைபிரிட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் கிடைக்கலாம் என்றாலும் இழுபறிதான். இதே கணக்கை வருடம் 30,000 ஓட்டும் என் சித்தப்பா மகனுக்குப் போட்டேன்: வருடத்துக்கு 643 லிட்டர் மிச்சம், நாலு வருடத்துக்குள் போட்டது திரும்பிவிடும். அவன் ஹைபிரிட் வாங்கினான், வாங்கியது சரி. வண்டி நல்லதா என்ற கேள்விக்கு முன்னால் எவ்வளவு ஓட்டுவாய் என்ற கேள்வி நிற்கிறது.

மைலேஜை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசுகிற பழக்கமே ஆளை ஏமாற்றும். 20 கொடுக்கும் வண்டியை விட்டு 25 கொடுக்கும் வண்டிக்குப் போனால் ஐந்து கூடிவிட்டது என்று குதிப்போம். என் ஓட்டத்துக்கு மிச்சம் 120 லிட்டர். 10-லிருந்து 12-க்கு வந்தால் வெறும் இரண்டுதானே என்போம். அங்கே மிச்சம் 200 லிட்டர். ட்யூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-ல் சயன்ஸ் இதழில் இந்த மயக்கத்தைத்தான் எழுதினார்கள். ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று போடுகிறார்கள். அது நேர்மையான அளவு.

காகிதத்தில் இருக்கும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பாவில் 2017 வரை இருந்த பழைய மைலேஜ் சோதனை இருபது நிமிடம், 11 கிலோமீட்டர். அதற்குப் பின் வந்த டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முப்பது நிமிடம், 23 கிலோமீட்டர், சராசரி 46 கிலோமீட்டர் வேகம். நிஜத்துக்கு நிறையவே பக்கம் வந்தது, ஆனால் அதிலும் ஏசி அணைத்துத்தான் ஓட்டுகிறார்கள். ஏசி போட்டு, ஆறு கிலோமீட்டரில் நிறுத்தி, இன்ஜின் ஆறின பிறகு மறுபடி கிளப்புகிற என்னைப் போன்றவளுக்கு எந்தச் சோதனையும் இல்லை.

நாலாவதைத்தான் வாங்கினேன்.

மூன்று வருட நோட்டு என் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. ஒரே பங்க், ஒரே பம்ப், குழாய் முதல் தடவை 'டக்' என்று நின்றதும் போதும், அதற்கு மேல் ஊற்றச் சொல்வதில்லை. ஓடோமீட்டரைப் பார்த்து எழுதிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்; பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடித்தாலும் சரி. மொத்தம் 36,212 கிலோமீட்டர், 2,568 லிட்டர். லிட்டருக்கு 14.1. வண்டியின் ஸ்கிரீன் இதே காலத்துக்கு 15-க்கு மேல் காட்டுகிறது. அது என்னைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

சர்வீஸ் மூன்று வருடத்துக்கும் சேர்த்து 310 லிட்டர். ரிப்பேர் என்று எழுத ஒன்றுதான்: சாதாரண பேட்டரி ஒரு காலையில் உயிரை விட்டது. கியர்பாக்ஸ் பக்கத்தில் எழுத எதுவும் இல்லை. அந்தப் பக்கத்தை எப்போதாவது திறந்து வெறுமையைப் பார்த்துக்கொள்வேன்.

வாங்கும்போது செய்த ஒரு காரியத்துக்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். உயர்ந்த வேரியண்டில் 18 இன்ச் வீல். நான் 16 இன்ச் உள்ள கீழ் வேரியண்டை எடுத்தேன். டயரின் பக்கச் சுவருக்கு உயரம் கூடுதல், பள்ளத்தில் விழுந்தால் ரிம் தப்பிக்கும். நாலு டயர் மாற்றும் விலையில் 18 இன்ச்சுக்கு மூன்றுகூட வராது. சன்ரூஃப் போனது. அப்பா அண்ணாந்து பார்க்கிறவர் இல்லை. இன்னொன்று, டிக்கியின் தரையைத் தூக்கிப் பார்த்தேன்: ஸ்டெப்னி இருந்தது. ஹைபிரிட்டில் அந்த இடத்தில் பஞ்சர் ஒட்டும் பாட்டிலும் சின்ன கம்ப்ரஸரும்தான்.

நம்பகத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு, நான் பார்த்தது இரண்டே விஷயம். இந்த இன்ஜினும் கியர்பாக்ஸும் இதற்கு முன் வேறு வண்டியில் எத்தனை வருடம் ஓடியிருக்கின்றன என்பது ஒன்று. அடியோடு புதிதாக வந்த மாடலை முதல் வருடத்தில் தொடக்கூடாது என்று தம்பி சத்தியம் வாங்கியிருந்தான். மற்றது, சர்வீஸ் புத்தகம். வாங்கும் முன்பே கேட்டு வாங்கிப் படித்தேன். இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங்குக்கு செயினா பெல்ட்டா, பெல்ட் என்றால் எப்போது மாற்ற வேண்டும், அது இன்ஜின் ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்டா, இதெல்லாம் அதில் இருக்கும். அப்படி ஆயிலில் ஓடும் பெல்ட்டுக்குத் தப்பான ஆயில் ஊற்றினால் ரப்பர் உதிர்ந்து, ஆயில் இழுக்கும் வலையையே அடைக்கும். வாரண்டியில் வருடம், கிலோமீட்டர் இரண்டில் "எது முதலில் வருகிறதோ" என்ற வரியையும் படியுங்கள். வருடம் 30,000 ஓடுகிறவருக்கு ஐந்து வருட வாரண்டி ஐந்து வருடம் இருக்காது.

குறைகளைச் சொல்லாவிட்டால் விமர்சனம் ஆகாது. மேடு ஏறும்போது லாரியை முந்தப் போனால் இன்ஜின் ஓலமிடுகிறது. வேகம் அதன் பிறகு, யோசித்துவிட்டு வருகிறது. முந்துவதா வேண்டாமா என்று நான் இப்போது முன்கூட்டியே முடிவெடுக்கிறேன். ஏசி விசிறியைக் கூட்டக் குறைக்க ஸ்கிரீனுக்குள் போக வேண்டும், அந்த ஸ்கிரீன் இரண்டு தடவை உறைந்துபோய் ரிவர்ஸ் கேமராவும் வரவில்லை. பின்சீட்டின் முதுகு நிமிர்ந்து, பள்ளிக்கூட பெஞ்ச் மாதிரி இருக்கிறது. இதனாலேயே அப்பாவுக்கு முன்சீட் நிரந்தரமாகிவிட்டது. சீட்டின் உயரம் அவர் இடுப்புக்குச் சரியாக வருகிறது. கதவைத் திறந்து, திரும்பி, உட்கார்ந்து, காலை உள்ளே எடுக்கிறார். இறங்கும்போதும் யார் கையும் வேண்டியதில்லை. இதை எத்தனை லிட்டர் என்று எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அடுத்து வருவது 40,000 சர்வீஸ். கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றிப் புத்தகம் வாயே திறக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால் அது ஆயுசுக்கும் மாற்ற வேண்டாத ஆயில் என்கிறார்கள். "யாரோட ஆயுசுக்குன்னு கேளு அக்கா," என்றான் தம்பி. அவன் ஏற்கெனவே ஆயிலை வாங்கி வைத்துவிட்டான். நோட்டில் 30 லிட்டர் என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.