ஜோடி டயர்களுக்கான காற்றுச் சமன் கருவி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பின் அச்சில் ஜோடி டயர் ஓடும் லாரி வைத்திருப்பவர்களுக்கு, உள் டயர் என்பது எப்போதும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைக்கப்படும் டயர்தான். வெளி டயரின் வால்வு கைக்கு எட்டும். உள் டயருக்கோ சக்கரத் தகடான டிஸ்க்கின் துளைக்குள் கையை விட்டு, சேறு படிந்த மூடியை விரல் நுனியால் கழற்றி, காற்றை அளக்கும் கேஜை நேராகப் பொருத்துவதற்குள் பொறுமை போய்விடும். ஆகவே இரும்புக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டி, ஓசையைக் கேட்டுவிட்டு வண்டியில் ஏறிவிடுகிறோம். 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைந்த டயரும் சரியான டயரும் அந்தத் தட்டுக்கு ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொல்கின்றன என்பதை, நல்ல நிலையில் இருந்த ஓர் உள் டயரை இழந்த பிறகே நான் ஒப்புக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்தச் சமன் கருவி. கைப்பிடிக்குள் அடங்கும் வட்டமான உடல், அதிலிருந்து கிளம்பும் இரண்டு குழாய்கள், சக்கரத்தின் மையப் பகுதியான ஹப்பின் நடுவில் பொருத்த ஒரு தகடு, அவ்வளவே. ஒரு குழாய் உள் டயரின் வால்வுக்கும் மற்றொன்று வெளி டயரின் வால்வுக்கும் போகிறது. முனையைத் திருகியதும் அதனுள் உள்ள ஊசி வால்வை அழுத்தித் திறந்து வைப்பதால், இரண்டு டயர்களின் காற்றும் ஒன்றோடொன்று கலந்து ஒரே அழுத்தத்துக்கு வந்துவிடுகிறது. உடலின் முகப்பில் உள்ள கண்ணாடிக்குள் மஞ்சள் நிறம் முழுதாகத் தெரிந்தால் காற்று சரி. கறுப்பு எட்டிப்பார்க்கத் தொடங்கினால் காற்றுப் பிடிக்க வேண்டும். அதையும் கருவியில் உள்ள ஒரே வால்வின் வழியாக இரண்டுக்கும் சேர்த்துப் பிடித்துவிடலாம்.

சமன் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. ஜோடி டயர்கள் ஒரே ஹப்பில் இறுக்கப்பட்டவை; ஒன்று மற்றொன்றைவிட ஒரு சுற்றுகூடக் கூடுதலாகச் சுற்ற முடியாது. ஏறக்குறைய 3.2 மீட்டர் சுற்றளவுள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 310 முறை சுழல்கிறது. காற்றுக் குறைவால் ஒன்றின் உருளும் சுற்றளவு 8 மில்லிமீட்டர் குறைந்தாலும், அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தரையில் இழுபட்டே போகிறது. தேய்வது இது என்றால், சுமையை வாங்குவது மற்றது. டயரின் பக்கவாட்டில் 152/148 என்று அச்சிட்டிருந்தால், தனியாக ஓடும்போது 3550 கிலோ, ஜோடியாக ஓடும்போது 3150 கிலோ தாங்கும் என்று பொருள். துணை டயர் தளர்ந்ததும் அந்த வரம்பை மீறுவதற்கு அதிக நேரம் ஆவதில்லை.

ஒரு டயர் வெடித்தால் மற்றதன் காற்றும் போய்விடாதா என்ற அச்சம் எனக்கும் இருந்தது. குறித்த அழுத்தத்திலிருந்து சுமார் 10 பிஎஸ்ஐ இறங்கியதும் உள்ளே இருக்கும் தடுப்பு மூடிக்கொண்டு இரண்டையும் பிரித்துவிடுகிறது. ஒருமுறை வெளி டயரில் ஆணி ஏறியபோது, உள் டயர் ஏறக்குறைய 90 பிஎஸ்ஐயோடு நின்றதைக் கேஜ் வைத்தே பார்த்தேன்.

பயனும் தெரிகிறது. பிரேக் டிரம்முக்கு அருகில் இருப்பதால் உள் டயர் அதிகம் சூடேறும். 100 பிஎஸ்ஐ உள்ள டயரில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ ஏறும். அந்த ஏற்றமும் இப்போது இரண்டுக்கும் பகிர்ந்துபோகிறது. முன்பெல்லாம் உள் டயரின் ஓரம் மட்டும் மொட்டையாகும். இந்த ஜோடி ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. மெதுவாகக் கசியும் டயரைக் கருவி காட்டிக்கொடுப்பதில்லை. கசிவை இரண்டும் பங்கிட்டுக்கொள்வதால் மஞ்சள் நிதானமாகக் குறைகிறது, எந்த டயர் என்பதைக் கண்டுபிடிக்கக் குழாய்களைக் கழற்றி, ஒரு நாள் கழித்துத் தனித்தனியே அளக்க வேண்டியிருக்கிறது. ஓடி வந்து நிறுத்தியவுடன் பார்த்தால், சூட்டால் ஏறிய அழுத்தம் மஞ்சளை முழுதாகக் காட்டி ஏமாற்றும். காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்ப்பதே கணக்கு. பாதி தேய்ந்த டயரோடு புது டயரை ஜோடி சேர்த்திருப்பவர்களுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை, காற்றைச் சமன் செய்யலாமே தவிர உயரத்தைச் சமன் செய்ய முடியாது. என்னுடைய இரண்டாவது லாரிக்கு நான் இன்னும் வாங்காததற்கு அதுவே காரணம்.

எனக்கு உண்மையான எரிச்சலைக் கொடுத்தது குழாய்தான். பொருத்தியவர் தகட்டைச் சற்றுக் கோணலாக இறுக்கியிருந்ததால், இடப்பக்கக் குழாய் டிஸ்க் துளையின் விளிம்பில் உரசி உரசி ஐந்தாம் மாதத்தில் கசியத் தொடங்கியது. வாங்குபவர்கள் தங்கள் டிஸ்க்குக்கு ஏற்ற நீளத்தில் குழாய் கேட்டு வாங்குவதும், பொருத்திய பின் சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எங்காவது உரசுகிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும் நல்லது. நடுவழியில் குழாய் போனாலும் பதற வேண்டியதில்லை: இரண்டு முனைகளையும் கழற்றினால் டயர் வால்வுகள் தாமாகவே மூடிக்கொள்ளும், இறங்கிய காற்றை நிரப்பிக்கொண்டு பழையபடி ஓட்டலாம். அதற்காகவே இரண்டு வால்வு மூடிகளைக் கருவிப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.