எலி கடித்த வயரும் மூன்றாம் கியரும்: வண்ணார்பேட்டையில் ஒரு பட்டறை

போன மாதம் தென்காசி போய்விட்டுத் திருநெல்வேலி திரும்பும்போது, ஆலங்குளம் தாண்டியதும் மீட்டரில் கியரைக் காட்டும் 'டி' எழுத்து மினுக்க ஆரம்பித்தது. வண்டி பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓடுகிற வரை ஒன்றும் தெரியவில்லை. பேட்டையில் நின்று எடுத்தபோதுதான் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவே யோசிக்கிறது. ஈரடுக்குப் பாலம் ஏறுவதற்குள் பின்னால் வந்த பஸ்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன். கியர்பாக்ஸ் போச்சு, மாற்ற வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும் என்றார்கள். அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு சொந்தக்காரர் சொல்லி, தெற்கு பைபாஸ் பக்கம் சந்துக்குள் இருக்கும் இந்த ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறைக்குப் போனேன். போர்டு கிடையாது. உட்கார ஒரு ஸ்டூல், அதிலும் ஏற்கெனவே யாராவது இருப்பார்கள். அந்தத் தம்பி முதலில் கியர் ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார். சிவப்பு மாறவில்லை, கருகின வாடை இல்லை. "பெட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, மொதல்ல வயரப் பாப்போம்" என்று ஸ்கேனரை மாட்டினார். பி0715 என்று வந்தது. கியர்பாக்ஸுக்குள் வருகிற சுழற்சியை எண்ணும் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு.

இதை அவர் விளக்கிய விதத்துக்கே தனியாகக் காசு கொடுக்கலாம். கியர்பாக்ஸில் உள்ளே வருகிற வேகத்துக்கு ஒரு சென்சார், வெளியே போகிற வேகத்துக்கு ஒரு சென்சார். என் வண்டியில் மூன்றாம் கியர் ஒன்றுக்கு ஒன்று. உள்ளே 2000 சுற்று என்றால் வெளியேயும் 2000 வர வேண்டும். உள்ளே 2300, வெளியே 2000 என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். ஆக்சிலேட்டர் மிதி, வண்டி வேகம், ஆயில் சூடு இதையெல்லாம் பார்த்து எந்த சோலனாய்டுக்கு, அதாவது கரண்டில் இயங்கும் ஆயில் வால்வுக்கு, கரண்ட் விடுவது என்று முடிவு செய்வதும் அதுதான். சோலனாய்டு திறந்தால் ஆயில் அழுத்தம் வேறு கிளட்ச் பிளேட்டுக்குப் போகும், கியர் மாறும். ஒரு சென்சாரின் கணக்கு வரவில்லை என்றால் வீணாக ரிஸ்க் எடுக்காமல் சோலனாய்டுகளுக்குக் கரண்டையே நிறுத்திவிடும். கரண்ட் இல்லாத நிலையில் என் வண்டியில் முன்னால் போக மிஞ்சுவது மூன்றாம் கியர் ஒன்றுதான், நின்று எடுக்கும்போது திணறியது அதனால்தான். கியர் லிவர் நேராக வால்வைத் தள்ளுவதால் ரிவர்ஸும் விழும். வீடு போய்ச் சேருவதற்காக வைத்த ஏற்பாட்டைத்தான் அந்த சர்வீஸ் சென்டர் 'பாக்ஸ் போச்சு' என்று சொல்லியிருக்கிறது!

மல்டிமீட்டரை வைத்துக்கொண்டே வயரைத் தொடர்ந்து போனவர், பேட்டரி ட்ரேக்குக் கீழே நிறுத்தினார். எலி. செம்பு தெரியக் கடித்து வைத்திருந்தது. வைக்கோல் படப்பு ஓரம் வண்டியை நிறுத்தியது என் தப்பு. வெறும் டேப் சுற்றாமல் சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டி ஒட்டினார். கம்ப்யூட்டரில் இருந்த பழைய பதிவுகளையும் அழித்துவிட்டதால் நாலைந்து நாள் கியர் விழும்போது லேசாக இடிக்கும், அது அழுத்தத்தைப் புதிதாகப் படித்துக்கொள்கிறது, பயப்படாதீங்க என்றார். மூன்றாம் நாளே சரியாகிவிட்டது. மொத்தம் 1,400 ரூபாய்.

குறையும் உண்டு. போனை எடுக்கவே மாட்டார். பில் கேட்டால் பழைய காலண்டர் தாளைக் கிழித்து எழுதித் தருகிறார். 'மத்தியானம் வாங்க' என்றால் சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்ஸைப் பிரித்து பிளேட் மாற்றும் வேலையையும் எடுப்பதில்லை, மதுரைக்குப் போகச் சொல்லிவிடுகிறார். ஏஎம்டி வண்டிக்காரர்களும் போகலாம். அது சாதா கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் கம்ப்யூட்டர் இயக்குகிற வேறு சமாச்சாரம், அதற்கும் ஸ்கேனர் வைத்திருக்கிறார். காலை பத்து மணிக்கு முன்னால் போனால் அந்த ஸ்டூலாவது காலியாக இருக்கும்.