மிஞ்சின சோறு கறியைச் சூடாக்க: மைக்ரோவேவா, காஸ் அடுப்பா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மைக்ரோவேவ் வாங்கலாமா என்று யோசிக்கிற வீடுகள் நிறைய. இரண்டையும் பாவிப்பவள் என்பதால் சொல்கிறேன்.

செலவு: மைக்ரோவேவ் புதுச் செலவு. அடுப்பு ஏற்கெனவே இருக்கிறது.

கரண்ட் போனால்: மைக்ரோவேவ் சும்மா கிடக்கும். அடுப்பு எரியும்.

பாத்திரம்: மைக்ரோவேவுக்குக் கண்ணாடி, பீங்கான் சரி. எவர்சில்வரும் மெலமைனும் கூடாது. அடுப்பில் கறிச்சட்டியை அப்படியே வைக்கலாம்.

ஒரேசீரான சூடு: இங்கேதான் கவனம் வேண்டும். நுண்ணலைகள் உணவுக்குள் சில சென்ரிமீற்றர்தான் நுழையும். ஓரம் கொதிக்கும், நடு குளிர்ந்தே இருக்கும். அதனால் சோற்றைக் குவிக்காமல் பரப்புங்கள், நடுவில் குழி விடுங்கள், கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஆவி போக இடம்விட்டு மூடுங்கள். பாதியில் நிறுத்திக் கிளறுங்கள். முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள், சூடு உள்ளே பரவும். நடுப்பகுதி 74 பாகை செல்சியசைத் தொட வேண்டும். அடுப்பில் கிளறக் கிளறச் சூடு தானாகப் பரவும். ஆனால் சோறு அடிப்பிடிக்கும்.

ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது. இரவெல்லாம் வெளியில் கிடந்த சோற்றை எதில் சூடாக்கினாலும் பயனில்லை. பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா அதில் விடும் நஞ்சு சூட்டுக்கு அழியாது. சமைத்து இரண்டு மணிநேரத்துக்குள், வன்னி வெக்கையில் இன்னும் முன்னதாக, பிரிட்ஜில் வையுங்கள்.

தனியாக இருந்து வேலைக்குப் போகிறவருக்கு, ஒரு கோப்பைச் சோற்றுக்கு, மைக்ரோவேவ் நல்லது. நாலைந்து பேருக்குச் சட்டி நிறையக் கறி என்றால் அடுப்புத்தான். குளத்து விரால் குழம்பை நான் அடுப்பில்தான் கொதிக்க விடுவேன்.